இடுப்பு உயரச் சுவர்

28 மார்ச் 1995, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. குழாய்த் தண்ணீர் ஆறுக்கு வந்து ஏழரைக்கு நின்றது. இரண்டு அண்டா நிரம்பியது, போதும்.

செய்ய வேண்டியவை: இவர் அங்கிக்குப் பொத்தான். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை சொல்லிவைக்க. தையல் கிளாஸுக்கு நூல்கண்டு. அம்மாவுக்குக் கடிதம் (இந்த வாரமும் எழுதவில்லை).

தையல் கிளாஸில் பதினான்கு பேரும் ஆஜர். காஜா எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை.

மாலை சர்ச்சில் பாட்டு ஒத்திகை. ரூத் சிஸ்டர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நேராக, நர்ஸ் சேலையோடு. வழக்கம்போல் முதலில் நம் வீட்டுக்கு வந்து ஒரு டீ, பிறகு ஒத்திகை. அடிக்குரலில் அவர் பிடித்தால்தான் மற்றவர்களுக்குச் சுருதி நிற்கிறது. இன்று அப்படியும் யாருக்கும் சேரவில்லை. சிஸ்டர் சொன்னது: "இங்க நிக்கறதுல பாதிப் பேர மொதமொதல்ல கையில தூக்குனது நாந்தானுங்க. அப்பவும் சுதி சேராமத்தான் கத்துனாங்க." எல்லாரும் சிரித்தோம். கமிட்டித் தலைவர் ஞானமணி ஐயாகூட. ரிட்டயர்டு தலைமையாசிரியர், சிரிப்பது அபூர்வம்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் இந்தச் சபைக்கு இவர் பாஸ்டராக மாற்றலாகி வந்து பதினொரு மாதம். இதுவரை இருந்த ஊர்களில் இதுதான் நல்ல சபை. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. அம்மாவுக்கு இதை எழுத வேண்டும்.

30 மார்ச், வியாழன்

ரூத் சிஸ்டர் இறந்துவிட்டார்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேனுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு வயது. நேற்று முன்தினம் சிரித்த சிரிப்பு காதில்.

சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். மகள் கிரேஸ் மதியம்தான் வந்து சேர்ந்தாள். ஆர்.எஸ்.புரத்தில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். அழவில்லை. அம்மாவின் வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

மூன்று மணி இருக்கும். வீட்டுக்கு யாக்கோபு வந்தார். சர்ச்சில் மணி அடிப்பவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும் அவர்தான். இவர் வீட்டில் இல்லை.

"ஏனுங்கம்மா, குழி பின்னாலதானுங்களே வெட்டோணும்?"

"பின்னாலன்னா?"

"செவுத்துக்கு அந்தப் பக்கமுங்க. சிஸ்டரு எங்க காலனிதானுங்களே."

புரியவில்லை. மறுபடி கேட்டேன். ஏதோ கெட்ட வார்த்தையை என் முன்னால் சொல்லிவிட்டதுபோல் அவர் தரையைப் பார்த்தார். "பாஸ்டரய்யாவக் கேட்டுக்கறேனுங்க" என்று போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு சுவர். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. வாசல் கிடையாது. ஒரு அடக்கத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். ஆடு வராமல் இருக்கக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆடு!

மாலை இவர் வந்து முகம் கழுவும்போது கேட்டேன். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே பதில்: "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் எஸ்தர்."

இவருக்கு அக்டோபரிலேயே தெரியும். நான் கோபியில் அம்மா வீட்டில் இருந்தபோது காலனிப் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஷூவெல்லாம் சேறு. மழை என்றார். நானே உட்கார்ந்து தேய்த்துக் கழுவினேன்.

31 மார்ச், வெள்ளி

நடந்த வரிசைப்படியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் கை ஓடாது.

காலை ஒன்பது. கிரேஸ் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவரிடம் பேசினாள்.

"பாஸ்டர், எங்கம்மாவுக்கு முன்பக்கம் எடம் கேக்க வரலீங்க. அவிங்க அப்பா அம்மா பக்கத்துலயே படுக்கோணும்னு சொல்லிருக்கறாங்க. முன் கேட்டு வழியா எடுத்துட்டுப் போகோணும். அது ஒண்ணுதானுங்க."

"உள்ள செவுத்துல வாசல் இல்லியேம்மா."

"செவுத்து மேல தூக்கிக் குடுத்துக்கறோமுங்க. எங்க தாத்தாவப் பள்ளத்துல எறக்கித்தான் கொண்டுபோனாங்க. மில்லுத் தண்ணி முழங்கால் வரைக்கும். எனக்கு அப்ப எட்டு வயசு. எங்கம்மாவையும் அப்பிடிக் கொண்டுபோக வேண்டாமுங்க பாஸ்டர்."

பத்து மணிக்கு இவர் ஞானமணி ஐயா வீட்டுக்குப் போனார். கேட் சாவி எப்போதும் அங்கேதான். பதினொன்றரைக்கு வெறுங்கையோடு திரும்பினார். ஐயா சொன்னதாக இவர் சொன்னது: "இன்னிக்கு வழி கேப்பாங்க, நாளைக்கு எடம் கேப்பாங்க பாஸ்டருங்களே. பெரியவங்க பண்ணி வெச்சது. நம்ம காலத்துல சண்ட வேண்டாமுங்க."

கோபமாகச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம், அழுதுகொண்டே சொன்னாராம். ரூத் சிஸ்டருக்காக அழுதாராம். பெரிய மாலைக்கும் சொல்லியிருந்தாராம், சம்பங்கி.

நான்கு மணி ஆராதனை. சர்ச் நிறைந்து வெளியிலும் கூட்டம். ஐயாதான் வேதபாடம் வாசித்தார். பாதியில் குரல் உடைந்தது. பொய் அழுகை இல்லை, எனக்குத் தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு ஊர்வலம். கேட்டுக்கு முன்னால் பெட்டியை இறக்கினார்கள். கேட்டில் பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழல், சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், பெருக்கிய பாதை. யாருமே இல்லை உள்ளே.

நின்றோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். யாரும் சத்தம் போடவில்லை. இவர் கையில் புத்தகம். ஏதாவது சொல்வார், சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னார்.

"கிரேஸ், நேரமாகுதும்மா."

அவள் இவரைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. தூக்குபவர்கள் பெட்டியைத் திருப்பினார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஊருக்குள்ளிருந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்டோடு நின்றுகொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழந்தைகளைக் கைப்பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நாம இங்கியோட போயறலாமுங்கம்மா, அங்க சௌகரியப்படாது" என்றார். அன்பாகத்தான்.

கையை உருவிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனேன். ரயில் பாதை ஓரம், முள்மரம், பிறகு மில் கழிவு ஓடும் பள்ளம். கறுப்புத் தண்ணீர். என் செருப்பு ஒன்று அதில் போயிற்று. முன்னால் தூக்கியவர் வழுக்கி முழங்காலில் விழ, பெட்டி சாய்ந்தது. கிரேஸ் ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். அவள் வெள்ளைச் சேலையில் இடுப்புவரை கறுப்பு.

ஊரில் பாதிப் பேரைத் தூக்கிய கை அந்தப் பெட்டிக்குள்.

1 ஏப்ரல், சனி

சமைக்கத் தோன்றவில்லை. சமையலுக்கு உதவும் தங்கம்மா வந்து ரசம் வைத்தாள். பாத்திரம் கழுவும்போது சாதாரணமாகக் கேட்டாள்:

"ரூத் சிஸ்டரு டம்ளர இனி என்னுங்கம்மா பண்றது? எடுத்துப் போட்றட்டுங்களா?"

"என்ன டம்ளர்?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள். எவர்சில்வர் டம்ளர். அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு.

"இதுக்கு மின்ன இருந்த பாஸ்டரம்மா வெச்சதுங்க. நானா ஒண்ணும் பண்ணலீங்கம்மா. உங்களுக்கும் தெரியும்னுதான்..."

பதினொரு மாதம். செவ்வாய்தோறும். தங்கம்மா டீ ஊற்றித் தர, என் கையால் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சிஸ்டர் குடித்துவிட்டு, தானே குழாயடியில் கழுவி, ஜன்னலில் கவிழ்த்துவிட்டுப் போவார். நர்ஸம்மாவுக்கு என்ன சுத்தம் என்று இவரிடம் மெச்சியிருக்கிறேன்.

அடியில் இருந்த பொட்டு அவருக்குத் தெரியும். தெரிந்தும், அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசியிருக்கிறார். என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

மத்தியானம் முழுக்கச் சமையலறைத் தரையில். தங்கம்மா பயந்துபோய் விசிறிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டில் யாரும் சாதி பேசியதே இல்லை. இதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! பேசவேண்டிய தேவையே வராத இடத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அது ஒரு பெருமையா?

2 ஏப்ரல், ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. பாஸ்டர் மனைவி என்பதால் நான்தான் எப்போதும் முதலில் எழுந்து போவது. முழங்காலிட்டு, கண் மூடி, திரும்பி வந்து தலைகுனிந்து ஜெபம். பதினொரு மாதமும் அப்படித்தான், எதையும் பார்த்ததில்லை.

இன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். முன் பெஞ்சுகள். அதற்குப் பின் பெஞ்சுகள். ஓர் இடைவெளி, யாரோ இருமினார்கள். கடைசியில் காலனிக்காரர்கள், அவர்களுக்குள் ஆண்கள் முதலில். அவர்கள் எழுந்து வரும்போது முன் பெஞ்சுக்காரர்கள் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. முடிவெடுத்து உட்கார்ந்திருக்கவில்லை, கால் எழவில்லை. இவர் அப்பத் தட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக் காத்திருந்தார். சர்ச்சே என் முதுகைப் பார்த்தது. பிறகு அடுத்தவருக்குப் போனார்.

வெளியே கேட்டது:

"பாஸ்டரம்மாவுக்கு ஒடம்பு செரியில்லியாட்டம்."

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கொழுப்பு."

மதியம் வீட்டில் சண்டை. கல்யாணமாகி பதினாறு வருடத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை.

"சபை முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்ட."

"வெள்ளிக்கெழம கேட்டுக்கு முன்னால நீங்க பண்ணுனது என்னங்க?"

"நான் என்ன பண்ணட்டும்? பூட்ட ஒடைக்கட்டுமா? நாளைக்கு ரெண்டு பக்கமும் அருவாளத் தூக்குனா யாரு பொறுப்பு?"

சாப்பாடு அப்படியே தட்டில். இவரும் தொடவில்லை.

5 ஏப்ரல், புதன்

காற்றே இல்லை. தையல் கிளாஸ் லீவு விட்டேன்.

ஞானமணி ஐயா தானே வந்தார். கையில் ஒரு சீப்புப் பழம். இவர் சூலூரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். தெரிந்துதான் வந்தாரோ.

"அம்மணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார்.

"உங்க பேரன் பொறக்கறப்போ கொடி சுத்தி மூச்சே இல்லாம இருந்தான்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ரூத் சிஸ்டர் இல்லீன்னா..."

"தெய்வமாட்ட வந்தாங்க. இல்லீன்னு சொல்லுவனா? என்ற பேரனுக்கு இன்னிக்கும் சொல்லித்தான் வளக்கறம்."

"அந்தத் தெய்வத்தப் பள்ளத்துல எறக்கிட்டீங்களே ஐயா."

கோபப்படவில்லை. வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பரலோகத்துல எல்லாரும் ஒண்ணுதானுங்க. அதுல எனக்குத் துளி சந்தேகம் கெடையாது."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் ஊருன்னு ஒண்ணு இருக்குதுங்களே அம்மணி. நீங்க மூணு வருசம் இருப்பீங்க, மாத்தலாகிப் போயிருவீங்க. நாங்கதான் இங்கியே கெடக்கோணும்."

இங்கேயே கிடக்க வேண்டும். அந்த வேப்பமரத்தடியைத்தான் சொல்கிறார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். தினமும் நாலரைக்கு எழுந்து முழங்காலில் நின்று ஜெபிக்கிற மனிதர். ஊரில் எந்த வீட்டில் நோய் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். அவருடைய ஜெபத்தில் இது ஒரு நாள்கூட உறுத்தவில்லையா? என்னுடையதிலும் உறுத்தவில்லையே.

8 ஏப்ரல், சனி

காலனிக்குப் போனேன். சர்ச்சிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். இத்தனை மாதத்தில் இன்றுதான் முதல் தடவை. சிஸ்டர் கூப்பிட்டதில்லை, நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை.

சின்ன ஓட்டு வீடு, சுத்தம். சிஸ்டரின் நர்ஸ் சேலைகள் கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் நான்தான் அழுதேன். கிரேஸ் கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்தாள்.

டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் ஆச்சரியப்படவில்லை.

"நெசமாலுமே உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சத்தியமா தெரியாது கிரேஸ்."

டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தெரிஞ்சு பண்ணுனவங்ககிட்ட எங்கம்மா நல்லாச் சண்டை போடுவாங்க. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மாகிட்டயே போட்டிருக்கறாங்க. தெரியாதவங்ககிட்ட என்னன்னு சண்ட போடறதுங்க? அதுதான் சிரிச்சுட்டு வந்துட்டாங்களாட்ட இருக்குது."

மன்னிப்புக் கேட்கப் போனவள், கேட்காமலே எழுந்தேன்.

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தானாம். முன்பக்கம் சிலுவையடியில் பாஸ்டர் நின்று வாசிப்பார், ஊர்க்காரர்கள் சுற்றி நிற்பார்கள். காலனிக்காரர்கள் பள்ளம் இறங்கி வந்து, சுவருக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "பாஸ்டர் மொதுகுதானுங்க எங்களுக்குத் தெரியும். ஆராதனைக்கு நான் வர மாட்டேன். எங்கம்மாவப் பாக்க வருவேன்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஒரே ஷூவைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

14 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. அக்கம்பக்கத்தில் வருஷப்பிறப்பு, பாயசம் வந்தது, இன்று உபவாசம், நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இவர் பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். பக்கம் தவறிவிட்டதென்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். புத்தகத்தையே பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். முடிந்து வெகு நேரம் சர்ச் படியில் தனியாக. கூப்பிட்டேன், வரவில்லை.

16 ஏப்ரல், ஈஸ்டர்



விடியுமுன் போனோம். ஞானமணி ஐயா வெள்ளை வேட்டி சட்டையில், கேட்டைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, எல்லாரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். கல்லறைகள் மேல் எல்லாம் மெழுகுவர்த்தி, மல்லிகை. அழகாகத்தான் இருந்தது. தூரத்தில் சுவருக்கு மேலே இன்னொரு வரிசை வெளிச்சம்.

இவர் சிலுவையடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, தாண்டிப் போனார். ஏதோ எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சுவர்வரை போய், அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்து, ஒரு காலைச் சுவர் மேல் போட்டார். ஐம்பது வயது. பாதியில் மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து யாக்கோபு கை கொடுத்து இறக்கினார்.

அங்கே நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. குரல் சரியாக எழும்பவுமில்லை.

"இந்த வருசம் இங்கிருந்துதானுங்க வாசிக்கப் போறேன். வர்றவங்க வாங்க."

யாரும் அசையவில்லை. நான் போனேன். சேலை கல்லில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. பிறகு வந்தவர்கள்:

பாட்டுக் குழுவில் பாடும் லேத் பட்டறைப் பையன் செல்வின்.
போஸ்ட் மாஸ்டரும் மனைவியும் (அந்த அம்மாவை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது).
கண் சரியாகத் தெரியாத ஒரு முதியவர், என்ன நடக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொண்டு.
தையல் கிளாஸ் பிள்ளைகள் இருவர்.

மூன்றாவதாக ஒருத்தி, ஷீபா, சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். "ஷீபா!" என்று அவள் அப்பா குரல். ஒரே ஒரு தடவை. அவள் என்னைப் பார்த்தாள், இறங்கித் திரும்பிப் போனாள். அவள் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

மற்ற எல்லாரும் அங்கேயே. நூற்றைம்பது பேராவது. இயேசுவின் கல்லறை திறந்திருந்த வேதப்பகுதியை இவர் வாசிக்கத் தொடங்கியதும், முன்பக்கத்திலிருந்து பாட்டு. ஞானமணி ஐயா எடுத்துக் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து, பலமாக. இவர் குரல் அதில் முங்கிப்போனது. நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு இந்தப் பக்கம் யாரோ வேறு பாட்டை ஆரம்பித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஒரு பாட்டு, ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டு. அதற்குள் விடிந்துவிட்டது. உயிர்த்தெழுந்த நாள்.

கிரேஸ் தன் அம்மாவின் மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெபத்துக்கு எழுந்து நிற்கவில்லை.

முடிந்ததும் ஞானமணி ஐயா சுவரோரம் வந்தார். இவரைக் கும்பிட்டார்.

"ஈஸ்டர் வாழ்த்துங்க, பாஸ்டருங்களே."

"உங்களுக்கும் ஐயா."

"கேட்டப் பூட்டோணுமுங்க. நீங்க அந்தப் பக்கமாவே போயிக்கறீங்களா?"

அதே மரியாதை, அதே கும்பிடு. பதிலுக்குக் காத்திராமல் போய்ப் பூட்டினார். பூட்டும் சத்தம் இங்கேவரை கேட்டது.

எல்லாரும் பள்ளம் வழியாகத்தான் வந்தோம். போஸ்ட் மாஸ்டர் மனைவி வழி முழுக்கப் புலம்பல். தண்ணீரில் இறங்கும் இடத்தில் கிரேஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "கல்லுல கால் வையுங்க, பாசி." வேறு எதுவும் பேசவில்லை. அவள் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

17 ஏப்ரல், திங்கள்

வெயில். கால் முழுக்கச் சிராய்ப்பு.

தையல் கிளாஸுக்கு இரண்டே பேர். மிஷினெல்லாம் மூடியபடி.

கோவையில் உள்ள திருச்சபைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். நாளை காலை பதினொரு மணிக்கு இவர் நேரில் வர வேண்டும். கமிட்டி நேற்று மதியமே புகார் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆள் மூலம் அனுப்பிவிட்டதாம். ஈஸ்டர் சாப்பாட்டு நேரத்தில்! எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினார்களோ.

மாற்றல்தான் என்று இவரே சொல்கிறார். அல்லது இன்னும் மோசமாக. பயமாக இருக்கிறது. இவர் பயப்படுகிறமாதிரித் தெரியவில்லை. மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"உன்ற சேலையும் ஒண்ணு தேய்ச்சுக்க. நாளைக்கு நீயும் வா."

"நான் எதுக்குங்க? வந்தா வாய மூடிட்டு இருக்க மாட்டேன், பேசிப்போடுவேன்."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."